பாஸ்டர் ஐயாவின் முதுகில் ஒரு நாற்காலி

"இன்னாமே, உனுக்கு வேற வேலையே இல்லியா? அடுப்புல பருப்பு வெந்துகினு கீது, கையில மசி ஒட்டிகினு கீது, இப்பத்தான் அந்த அங்கிக் கதயக் கேக்கணுமா? தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போற, கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறியா?"

யார் கேட்டாலும் முதலில் இப்படித் திட்டிவிடுவேன். கேட்டவுடன் சொல்லிவிட்டால் கதைக்கு மரியாதை ஏது? திட்டியும் நகராமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் மீதி.

சித்தூரில் எங்கள் வீடு ஒரு கம்பெனி. (பெயர்ப்பலகையைத் தேடாதீர்கள். பலகை வைத்தால் நான்தான் முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும்.) முன் அறையில் என் மருமகள் ஸ்டெல்லா மூங்கில் பேனாவை வைத்துக்கொண்டு பை, துப்பட்டா, சால்வை எல்லாவற்றிலும் கலம்காரிப் படம் போடுவாள். பின்கட்டில் நான் சமைப்பேன். மத்தியானம் ஆபீஸ்காரர்களுக்கு என் கேரியர் போகும். சாப்பாடு வாங்குபவர்களின் தலையில் ஒரு பையையும் கட்டிவிடலாம் என்பது என் வியாபார மூளை. சாப்பாடு போனது. பை போகவில்லை.

ஸ்டெல்லா அதற்கு முன் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். அங்கேயே ஹாஸ்டல். மாதத்துக்கு ஒரு தரம் வருவாள். ஒரு தடவை அவள் வந்தபோது அவளுடைய மகளே அவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுவிட்டது. அன்றைக்கே வேலையை விட்டாள். காளஹஸ்திக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தாள். ஆனால் பீரோ நிறையப் பை சேர்ந்ததும் அவளுக்கு பயம் வந்துவிட்டது.

"அறுப்பின் பண்டிகை வரிக்கும் பாப்பேன் அத்த. கோயில்ல கடை போட்டும் விக்கலன்னா, மறுபடி கம்பெனிக்கே பூடறேன்."

கோயில் என்றால் எங்கள் சர்ச்; அறுப்பின் பண்டிகையன்று விளைச்சலைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடுவார்கள். அங்கே கடை போட பாஸ்டர் ஐயா சம்மதிக்க வேண்டும். அவரோ, "காய்கறி ஏலம் உடற எடத்துல கைப்பை எதுக்கும்மா?" என்று கேட்கிற ஆள். அந்த நேரம் பார்த்து அவருடைய சம்சாரம் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். நான் விடுவேனா? ஒரு நாள் கறிக்குழம்பு, ஒரு நாள் மீன், ஒரு நாள் முள்ளங்கி சாம்பார் என்று கேரியர் அனுப்பினேன். மீன் குழம்பன்றைக்குக் கடைக்கு சம்மதம் கிடைத்தது. பண்டிகைச் சாப்பாடும் நானே என்று முடிவானது.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். காலி கேரியரை எடுக்கப் போன இடத்தில் அவருடைய வெள்ளை அங்கி ஆணியில் தொங்கியது. மார்பில் சாம்பார்க் கறை. (என் சாம்பார்தான். வேறு யார் சாம்பார் அவ்வளவு கெட்டியாக இருக்கும்?)

"இத்த குடுங்க ஐயா. தோச்சி, கஞ்சி போட்டு, கொக்கு மாதிரி கொண்டாரேன்."

"உங்களுக்கு ஏம்மா செரமம்?"

"சாமிக்கு செய்யறது செரமமா?" என்றேன். சாமிக்கு என்ன, கடைக்குத்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கலம்காரித் துணியில் படம் போடுவதற்கு முன்னால் அதைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் ஊற வைப்பார்கள். எங்களுக்குப் பால் புத்தலப்பட்டிலிருந்து வரும். அப்படி ஊறிய துணியில் இரும்பு ஊறிய வெல்லத் தண்ணீர் பட்டால் கறுத்துப் போகும். எங்களுடைய கறுப்பு மசி அதுதான்.

அன்றைக்குப் பின்கட்டில் இரண்டு நீலத் தொட்டிகள் இருந்தன. ஒன்றில் சோற்றுக் கஞ்சி. இன்னொன்றில் ஸ்டெல்லாவின் கடுக்காய்ப் பால். அடுப்பில் பொரியல் அடிப்பிடிக்கிறது என்று அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, துவைத்த அங்கியை ஒரு தொட்டியில் முக்கி எடுத்தேன். எந்தத் தொட்டி என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

"அத்த, பால் கொறஞ்சிருக்குது. யாருனா கை வச்சீங்களா?"

"பூன குடிச்சிட்டிருக்கும்டீ."

"கடுக்கா பாலயா?"

"அதுக்கு வயித்துல இன்னா கோளாறோ!"

கொடியில் காய்ந்த அங்கி கொக்கு மாதிரி இல்லை. கொக்கு சந்தனம் பூசிக்கொண்ட மாதிரி இருந்தது. திரும்பத் துவைக்க நேரம் இல்லை. விடிந்தால் பண்டிகை. சந்தனமும் நல்ல நிறம்தானே என்று மடித்து, என் தலையணைக்கு அடியில் வைத்துப் படிய வைத்துக் கொடுத்துவிட்டேன். பாஸ்டர் ஐயா முகர்ந்து பார்த்து, "இன்னாம்மா, பால் வாசன வருது?" என்றார்.

"புது சோப்பு ஐயா."

பண்டிகை கோயில் வாசலில் பந்தலில் நடந்தது. முந்தின ராத்திரி மழை. மேடையில் போட்டிருந்ததோ பெயிண்ட் உரிந்த பழைய இரும்பு நாற்காலி, முழுக்க ஈரத் துரு. திருப்பதியிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தாளி ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. அவர் பேசினார், பேசினார், என் குழம்பு ஆறுகிற வரைக்கும் பேசினார். பாஸ்டர் ஐயா அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, வியர்வை ஊற்ற ஊற்றக் கேட்டுக்கொண்டிருந்தார். ஈக்கள் வேறு அவரைத் தேடி வந்தன.

பேச்சு முடிந்தது. ஐயா எழுந்து, சிலுவையைப் பார்த்து ஜெபம் பண்ணத் திரும்பினார்.

முதுகில் நாற்காலி.

நிஜம்தான். ஒவ்வொரு கம்பியும் கறுப்பாக, குறுக்கே, வரிசையாக. கீழே உட்கார்ந்த இடத்திலும் விட்டுவைக்கவில்லை. "டேய், ஐயாவ ஜெயில்ல போட்டுட்டாங்கடா!" என்று ஒரு வாண்டு கத்தியது. சிரிப்பு கிளம்பியது. ஐயா கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார்.

கடையிலிருந்து ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பூனை யார் என்று அந்தப் பார்வையில் தெரிந்துவிட்டது.

"அத்த! அது கடுக்கா துணி! இரும்புத் துரு பட்டா கறுக்காதா?"

"கத்தாதடீ."

"போச்சு. கடையும் போச்சு, சாப்பாடும் போச்சு. நான் பெட்டியக் கட்டறேன்."

ஐயா திரும்பித் தன் முதுகைப் பார்ப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கடையில் முன்னால் தொங்கிய பெரிய சால்வையை உருவினேன். மயிலும் கொடியுமாக அவள் மாதக்கணக்கில் போட்டது. எங்கள் கடைக்கே அதுதான் முகம்.

"அத்த, அது சாம்பிளு!"

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் மேடை ஏறிவிட்டேன். "சபை சார்பா நம்ம ஐயாவுக்குப் பொன்னாடை!" என்று கத்தி, கழுத்திலிருந்து முழங்கால் வரை இழுத்துப் போர்த்தினேன். பொன்னாடை என்றால் நம்மவர்களுக்குக் கை தானாகத் தட்டும். தட்டினார்கள். ஐயா கும்பிட்டார். கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க ஐயா. கழட்டுனா சபைக்கு அவமானம்."

வெயிலில், அங்கிக்கு மேல் அந்தக் கனத்த சால்வையோடு பாவம் ஏலம் முடிகிற வரைக்கும் நின்றார். எனக்கும் ஒரு மனசு இருக்கிறது, மோர் கொடுத்தனுப்பினேன்.

சாப்பாட்டுப் பந்தியில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அந்தச் சால்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இதி எவரு வேசாரு?" என்று தெலுங்கில் விசாரித்தார். யார் போட்டது என்கிறார். ஸ்டெல்லாவைப் பிடித்து முன்னால் தள்ளினேன். அவர் பள்ளிக்கூடத்தில் யார் ரிடையர் ஆனாலும் மினுமினு பொன்னாடைதான் போடுவார்களாம், வீட்டுக்குப் போனதும் அது டிவிக்கு உறையாகிவிடுமாம். இனி இந்தச் சால்வையே போடலாம் என்று அங்கேயே ஆர்டர் சொன்னார். ஸ்டெல்லா, "சரி மேடம், சரி மேடம்" என்று தலையாட்டிக்கொண்டே என் கையைக் கிள்ளினாள். தடம் இருக்கிறது. பெட்டியை அவள் கட்டவில்லை.

பாஸ்டர் ஐயா மட்டும் சாயங்காலம் அங்கியைக் கழற்றிப் பார்த்துவிட்டு போன் பண்ணினார்.

"எஸ்தரம்மா, கொக்குன்னு சொன்னீங்க. கொக்கு ஏம்மா நாற்காலிய முழுங்கிச்சு?"

நடந்ததைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, "சாப்பாடு மட்டும் அனுப்புங்க. துணி வேணாம்" என்று வைத்துவிட்டார். சபையில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. எங்கள் வீட்டிலோ யாராவது வெள்ளை உடுத்திக்கொண்டு கிளம்பினால், "அத்த தோச்சதா? அப்ப நின்னுகினே போயிட்டு வாங்க" என்பாள் ஸ்டெல்லா.

மேடையில் திரும்பிய அந்த முதுகை எந்தப் புண்ணியவானோ போனில் பிடித்துவிட்டிருந்தான். ஒரு மாசத்துக்குள் அது தெரு முழுக்கச் சுற்றியது. பக்கத்து வீட்டு ரமணம்மா போனை நீட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் இன்னும் சில பேர்.

"ஏமி வதினா, இதி மீ இன்ட்டி பனேனா? இன்னா அண்ணி, உங்க வூட்டு வேலதானா இது?"

நான் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னேன்:

"பின்ன? எங்க கம்பெனி சரக்கும்மா. பாஸ்டர் அம்மா ஊர்லருந்து வந்து சோப்பு போட்டாங்க, சோடா போட்டாங்க, கல்லுல அடிச்சும் பாத்துட்டாங்க. ஒரு கோடு வெளுக்கல! சாயம்னா அது சாயம். உங்க வூட்ல யாருக்கு இன்னா போடணும், சொல்லுங்க."