உன் வாசலில் நிற்கப்போகும் வண்டியைப் பற்றி

அன்பும் கோபமும் குறையாத அக்காவுக்கு, உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். என் இடது கால் மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை, விவரம் கீழே வருகிறது. அங்கே நீயும் அத்தானும் ஆபரேஷன் ஆன உன் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் விசாரித்திருப்பேன், ஆனால் என் குரலைக் கேட்டதுமே நீ வைத்துவிடுகிறாய். அத்தானிடம் பேசலாம் என்றால் அவர் "இரு, அக்காகிட்ட தரேன்" என்று உன்னிடமே கொடுத்துவிடுகிறார், நீ மறுபடியும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

"வந்தா அவளோட வா, இல்லன்னா நீயும் வராதே" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உன் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நீ புது வீட்டுக்குக் குடிபோன அன்று அவளுக்காக முன் அறையை ஒழித்து, பூப்போட்ட புதுப் போர்வை விரித்து வைத்திருந்தாய். அவளோ சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். அதற்கப்புறமும் எத்தனையோ முறை கூப்பிட்டாய், ஒரு ராத்திரி தங்கியதில்லை. உன் மனசு நொந்ததில் தப்பில்லை. அவளுக்குத் திமிர் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னாயே, அதுதான் தப்பு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் தன் அம்மா வீட்டில்கூடத் தங்கியதில்லை, உனக்குத் தெரியுமா? அடுத்தவர் வீட்டில் படுத்தால் அவளுக்கு இமை ஒட்டாது. தாழ்ப்பாள் வேறு, குழாய் சொட்டுகிற சத்தம் வேறு, தலையணை வேறு. விடிய விடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு மறுநாள் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இத்தனை நாள் நீ இங்கே வந்து போனதால் உறவு ஓடியது. இப்போது உன் முழங்கால் உன்னை விடாது, அவள் கண் அவளை விடாது, நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே அக்கா.

இந்த நிலையில்தான் பல் டாக்டரின் வண்டி கண்ணில் பட்டது. கடைவாய்ப் பல்லைக் காட்டப் போயிருந்தேன். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கிளினிக்குப் பின்னால் சருகு மூடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு வீட்டு வண்டி நிற்கிறது. சினிமாக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் கேரவன் ஜாதிதான். உள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. அது விற்பனைக்கா என்று வாயில் கருவி இருக்கும்போதே கேட்டேன். நான் கேட்டது எனக்கே புரியவில்லை, டாக்டருக்குப் புரிந்துவிட்டது. குடும்பத்தோடு சுற்றலாம் என்று ஆசை ஆசையாக வாங்கினாராம். ஒரே ஒரு பயணம். கழிப்பறைத் தொட்டியை யார் காலி செய்வது என்று போன இடத்தில் சண்டை வந்து, அவர் மனைவி ரயிலில் திரும்பிவிட்டாராம். அன்றைக்கு நிறுத்திய வண்டி அப்படியே நிற்கிறது. எனக்குப் பளிச்சென்று புத்தியில் பட்டது. அவளை உன் வீட்டில் படுக்கவைக்க முடியாது, சரி. அவள் வீட்டையே உன் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டால்?

ரிட்டையர் ஆகும்வரை லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன் நான். எந்த லிஃப்டையும் முதல் பார்வையில் பாஸ் பண்ணியதில்லை என்று நல்ல பெயர் வாங்கியவன், அல்லது கெட்ட பெயர், அது நீ யாரைக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது. சுத்தியல், டார்ச், காக்கி கோட்டு சகிதமாகப் போனேன். அவள் கையில் ஒரு பை, பைக்குள் அவளுடைய தலையணை. எதற்கு என்று கேட்டதற்கு, "நீங்க உங்க டெஸ்ட்டைப் பண்ணுங்க, நான் என் டெஸ்ட்டைப் பண்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறிவிட்டாள். நான் டயரில் ஆரம்பித்தேன். மேலே பார்த்தால் புத்தம் புது டயர், பக்கவாட்டில் பார்த்தால் பாளம் பாளமாக வெடிப்பு. ஓடித் தேயவில்லை, சும்மா நின்றே கிழடாகியிருக்கிறது, ரிட்டையர் ஆன என்னைப் போல. ஏணி வைத்துக் கூரையில் ஏறினால் இணைப்புகளில் பூசிய பசை காய்ந்து உரிந்து வருகிறது, அதற்கு நேர் கீழே உள்கூரையில் பழுப்புக் கறை, போதாததற்குப் பக்கச் சுவர் ஓரிடத்தில் உப்பிக்கொண்டு அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வெளியே வருகிறது. பேட்டரி செத்து ரொம்ப நாள். உட்காரும் மெத்தைக்குள் ஓர் எலி, டாக்டரின் விளம்பரத் துண்டுச் சீட்டுகளைக் குதறிப் பஞ்சாக்கிப் பிள்ளை பெற்றிருக்கிறது. குளிர்பெட்டியைத் திறந்தேன், உடனே மூடிவிட்டேன், அதைப் பற்றி எழுத மனசில்லை. நான் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, பின்னாலேயே வந்த டாக்டர் "அது ஒண்ணுமில்ல சார், அடைச்சிடலாம்" என்று ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஒன்றுதான் ஆறுதல். அவருடைய காரிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் நாலு இருமல் இருமிவிட்டுச் சீராக ஓட ஆரம்பித்தது.

கடைசியாக எனக்கென்று ஒரு சோதனை உண்டு. சட்டத்தில் இல்லாதது, என் சொந்த வழக்கம். லிஃப்டுக்கு நடுவில் நின்று இரண்டு தடவை குதித்துப் பார்ப்பேன். அதே மாதிரி வண்டிக்குள் கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நின்று குதித்தேன். முதல் குதியில் பலகை முனகியது. புத்தியுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். இரண்டாவது குதியில் என் இடது கால் தொடைவரைக்கும் தரைக்குள் இறங்கிவிட்டது. வெளியே நின்ற டாக்டர் வண்டிக்கு அடியில் செருப்போடு ஒரு கால் தொங்குவதைப் பார்த்து, "சார், அடியில எப்படிப் போனீங்க?" என்று விசாரிக்கிறார்.

அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் கேட்டது, அக்கா. குறட்டை. பின்பக்கக் கட்டிலில் இருந்து, மடக்குக் கதவுக்கு அந்தப் பக்கம், நிதானமாக, நம் வீட்டில் கேட்கிற அதே குறட்டை. கதவு இடுக்கில் அவள் கால்விரல் இரண்டு தெரிந்தது. எவனோ வாங்கி எவனோ போட்டுவைத்த கட்டிலில், அந்தக் கறைக்கு நேர் கீழே, அவள் தூங்குகிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால் வலியும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் முழுக் காரணம் அது இல்லை.

டாக்டர் பதறிக்கொண்டு உள்ளே வந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"எழுப்பாதீங்க டாக்டர், தூங்கட்டும்."

"உங்க கால் சார்?"

"கால் எங்கயும் போகாது."

மிச்சப் பேரம் முழுக்கக் கிசுகிசுப்பில் நடந்தது. ஒரு கால் தரைக்கு மேலே, ஒரு கால் தரைக்குக் கீழே வைத்துக்கொண்டு கறாராகப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். கிளினிக் ஜன்னலில் கன்னம் வீங்கினவர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். நடுநடுவே டாக்டர் ஓடிப்போய் ஒரு பல்லைக் கவனித்துவிட்டு ஓடிவந்தார். ஒரு வழியாக அவள் எழுந்து, கதவைத் தள்ளி, தரையில் பாதி ஆளாக நிற்கிற என்னைப் பார்த்தாள்.

"என்ன, பாஸா ஃபெயிலா?" என்றாள்.

நான் பார்த்தவரைக்கும் எல்லாமே ஃபெயில்தான் என்று சொல்லிவிட்டு அவளுடைய டெஸ்ட் எப்படி என்று கேட்டேன். கலைந்த முடியை முடிந்துகொண்டே, "தாழ்ப்பாள் நல்லா இருக்கு" என்றாள். அது போதும் எனக்கு. காலை டாக்டர்தான் எடுத்துவிட்டார். சும்மா இழுக்கக் கூடாதாம், முதலில் இப்படியும் அப்படியும் ஆட்டித் தளர்த்திவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். வலிக்காது என்றார். பொய். பேன்ட் பாதி அங்கேயே தங்கிவிட்டது.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றை முதல் பார்வையில் பாஸ் பண்ணிவிட்டேன், அக்கா. வாங்கியாயிற்று. தச்சரைப் பிடித்துத் தரை மாற்றி, கூரை அடைத்து, டயரும் பேட்டரியும் புதுசாகப் போட்டு, எலிக் குடும்பத்தையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. கூடிய சீக்கிரம் உன் வாசலில் வந்து நிற்போம். உன்னிடம் நான் கேட்பது மூன்று காரியம். கேட்டுக்கு மேல் தாழ்வாக நிற்கிற கிளையை வெட்டி வை. முன் அறை ஜன்னல் வழியாக மின்சாரத்துக்கு ஒரு ஒயர் விடு. மூன்றாவதுதான் முக்கியம். அவள் வண்டியில்தான் படுப்பாள், ஆனாலும் உன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் படுப்பதால் அதை உன் வீட்டில் தங்கியதாகவே நீ எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் வம்பு பண்ணாதே. இதற்கு மேல் அவளால் முடியாது, என்னாலும் முடியாது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். போனை உன்னிடம் கொடுக்காமல் ஒரு நாலு வார்த்தை பேசப் பழகச் சொல். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். சின்ன வயதிலிருந்து திட்டிக்கொண்டே எனக்கு நல்லது நினைத்தவள் நீ, இந்தப் பயணத்துக்கும் அப்படியே திட்டி ஆசீர்வாதம் பண்ணு.

என்றும் உன் அன்பை வேண்டும்,
தம்பி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தபாலுக்கு முன்னால் நாங்களே வந்து நிற்போம் என்ற மிதப்பில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில் முன் சக்கரத்தில் கடகடவென்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தவன் அதை மட்டும் தட்டவில்லை. மெக்கானிக் வண்டியைத் தூக்கி முட்டுக்கட்டையின் மேல் நிறுத்திவிட்டார், உதிரிபாகம் வர நாளாகுமாம், அதுவரை உள்ளே ஏறக் கூடாதாம். அவருடைய மனைவி எங்களை விடாப்பிடியாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடத்தில் பாய் விரித்தார். தலையணை வண்டியிலேயே மாட்டிக்கொண்டது. சரி, ராத்திரி முழுக்க இவளுக்குப் பேச்சுத்துணையாக விழித்திருக்கலாம் என்று நான் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கிறேன், எனக்கு முன்னால் குறட்டை. காலையில் கேட்டேன். "எனக்கும் தெரியல. படுத்தேன், விடிஞ்சிடுச்சு" என்றாள். டீயைக் குடித்துவிட்டு, "நீங்க வண்டியைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க, நான் பஸ்ஸில அண்ணி வீட்டுக்குப் போறேன்" என்றாள். தனியாக. மெக்கானிக் எதையும் அரைகுறையாக மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பரிசோதகர் இங்கே வேண்டியிருப்பதால் நான் இங்கேயே இருக்கிறேன். கிளையை வெட்ட வேண்டாம். ஒயர் வேண்டாம். அந்தப் பூப்போட்ட போர்வை இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறாள், என்னிடம் கேட்டால் எனக்கென்ன தெரியும், உன்னிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். உன்னை எனக்குத் தெரியும், கேட்டைத் திறக்காமல், மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டி, ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருப்பாய். இவ்வளவு நேரமும் அவள் வாசலில்தான் நிற்கிறாள். உள்ளே கூப்பிடு, அக்கா.