முசாங் மாஸ்டர்

பேராக் காட்டில் யானை உண்டு, தாப்பிர் உண்டு, எப்போதாவது புலியும் உண்டு என்கிறார்கள். அவற்றைப் பார்க்க உங்களுக்கு அதிர்ஷ்டம் வேண்டும். ஆனால் எந்த அதிர்ஷ்டமும் இல்லாமல், எந்தப் பழைய ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் பார்க்கக்கூடிய உயிரினம் ஒன்று இருக்கிறது. வேட்டைநாய் பழக்கும் மாஸ்டர். இவர் வேட்டைக்குப் போகமாட்டார். போகப்போகிற நாயைப் பழக்குவார். எப்போது போகும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அடையாளம் சுலபம். முட்டிக்குக் கீழே இறங்கிய காக்கிக் கால்சட்டை, உரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி, கழுத்தில் ஆன்லைனில் வாங்கிய விசில், தோளில் கயிறு, கைப்பேசியில் அமெரிக்காக்காரன் நாய்களை ஏவிக் காட்டுப்பூனையை மரத்தில் ஏற்றும் காணொளிகள், வாயில் "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்ற கேள்வி, இத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நாயும் வேண்டுமே என்கிறீர்களா? அது பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரருடையதாக இருக்கும்.

உதாரணத்துக்கு நம் தனேஸ்வரனையே எடுத்துக்கொள்ளலாம். கோலா கங்சார் பக்கம், ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்துவிட்ட ஒரு தோட்டத்தில் வீடு. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் காவல் வேலை. அங்கே அவரைக் கூப்பிடுகிறவர்கள் "ஹலோ" என்பார்கள், அவசரமாக இருந்தால் கையை மட்டும் சொடுக்குவார்கள். தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிள் நுழைந்ததும் அதே ஆள் "மாஸ்டர்" ஆகிவிடுவார். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் மனிதர் வேலை முடிந்து வீட்டுக்கே வருகிறார் என்று சொன்னால், அவர் மனைவி மங்களம் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அது தெரியும்.

பக்கத்து வீட்டுப் புஷ்பலதா கம்பத்து நாட்டுக்கோழி வளர்த்து விற்பவர். அந்தக் கோழிகளை முசாங் ஒன்று வந்து அடித்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. முசாங் என்றால் மரநாய். பூனைக்கு அண்ணன் மாதிரி இருக்கும், உடம்பில் பாண்டான் என்கிற ரம்பை இலை வாசம் அடிக்கும், பகலெல்லாம் எங்காவது உயரத்தில் சுருண்டு படுத்திருந்துவிட்டு இருட்டியதும் திருட இறங்கும். புஷ்பலதா தன் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ராஜா, ராணி என்ற இரண்டைத் தூக்கிவந்து மாஸ்டரிடம் கொடுத்தார்.

"மூனு மாசம் குடு தங்கச்சி. அப்பறம் முசாங் இந்தத் தோட்டத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்காது."

அந்த மூன்று மாதம் இரண்டு தீபாவளிகளைப் பார்த்துவிட்டது.

சும்மா இருந்தார் என்று சொன்னால் பாவம். சுங்கை சிப்புட் சாலையில் கார் அடித்துக் கிடந்த ஒரு முசாங்கின் தோலை உரித்து வந்து, மங்களத்தின் ஐஸ்பெட்டியில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். விடிந்தால் அதை எடுத்துக் கயிற்றில் கட்டி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே வளைத்து வளைத்து இழுத்துப்போய் ரம்புத்தான் மரத்தில் தொங்கவிட்டுவிட்டு, பிறகு குட்டிகளை அவிழ்த்துவிடுவார். அவை மோப்பம் பிடித்து மரத்தடிக்கு வந்து, முன்கால்களை மரத்தில் ஊன்றி, மேலே பார்த்துக் குரைக்க வேண்டும். குரைக்கவும் குரைத்தன. அதில்தான் மாஸ்டருக்குத் திருப்தியில்லை. சீக்கிரம் வந்துவிட்டால், "இது மூக்கு இல்ல லா, ஞாபகம்" என்பார். தாமதமாக வந்தால் மூக்கு போதாது என்பார். நேராக வந்தால் வேகம் சரியில்லை, வேகமாக வந்தால் ஒழுக்கம் சரியில்லை, இரண்டும் சரியாக இருந்தால் காற்று சரியில்லை. புஷ்பலதா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எப்போது கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

"இன்னும் பழகல தங்கச்சி."

அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ராணி காய்ச்சலில் படுத்தபோது வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தவர் அவர். அவருடைய பயம் வேறு. நாய் பழகி முடித்துவிட்டால் திரும்பப் போய்விடும். நாயில்லாத ஆளை எவன் மாஸ்டர் என்று கூப்பிடுவான்?

கடைசியில் புஷ்பலதாவின் பொறுமை போனது. நல்ல முட்டைக் கோழி ஒன்றும் போன மறுநாள், வேலிக்கு இந்தப் பக்கமே வந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை நாயை விட்டுப் பாக்குறோம். முசாங்கைக் காட்டலனா ரெண்டையும் நான் கூட்டிட்டுப் போயிருவேன். சும்மா குரைக்கிறதுக்கு எங்க வீட்டுல எங்க மாமியாரே இருக்காங்க."

போதாக்குறைக்கு அதே ஞாயிற்றுக்கிழமை ஆயர் தாவாரிலிருந்து சீனி வருவதாக இருந்தது. அவர் வாத்து வளர்ப்பவர். மாஸ்டரின் புகழ் அதுவரை எட்டியிருந்தது, பெரும்பாலும் மாஸ்டரே எட்டவைத்தது. சோதனை நன்றாக நடந்தால் தன்னுடைய இரண்டு குட்டிகளையும் விட்டுவிட்டுப் போவார். தனேஸ்வரன் ஆயர் தாவாருக்கும் மாஸ்டர் ஆகிவிடுவார். நடக்காவிட்டால் உள்ளூருக்கும் இல்லை. சனிக்கிழமை முழுவதும் மனிதர் விசிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு காலையில் வேடிக்கை பார்க்கத் தோட்டத்தில் பாதி வந்துவிட்டது. சீனி தன் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். முசாங்கும் தன் பங்குக்கு விடிவதற்கு முன்பே வந்து ஒரு பெட்டையைத் தூக்கிப் போயிருந்தது. கூண்டைச் சுற்றி இறகு. மாஸ்டர் விரலை எச்சிலில் நனைத்துக் காற்றில் நீட்டி, மக்களை ஒதுக்கி, விசிலை ஊதி, கயிற்றை அவிழ்த்தார்.

ராஜாவும் ராணியும் இறகை மோந்தன. சட்டென்று குரல் கொடுத்துக்கொண்டு கிளம்பின. செம்பனைக்குள் புகுந்து, கால்வாயைத் தாண்டி, முனியாண்டி கோவில் பின்புறமாக வளைந்து, சாலையைக் கடந்து, வீட்டு வரிசைக்குள் ஓடி, ஒரு வீட்டின் பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் பாய்ந்து, சுவரில் முன்கால்களை ஊன்றிக்கொண்டு குரைத்த குரைப்பில் தட்டுகள் அதிர்ந்தன. கூட்டம் மூச்சிரைக்கப் பின்னால் வந்து நின்றது.

அது மாஸ்டரின் வீடு.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தனேஸ்வரனுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. பேரங்காடியில் கை சொடுக்கிக் கூப்பிடும்போதுகூட அவருக்கு இப்படி இருந்ததில்லை. ஆனால் மாஸ்டர் இனத்துக்கே ஒரு குணம் உண்டு. தரையில் விழும் முன்பே காரணம் கிடைத்துவிடும்.

"சிரிக்காதீங்க. இதுல விஷயம் இருக்கு. தோலை இழுத்தது யாரு? நான்தானே? அதோட என் கால் வாசமும் சேந்துருச்சு. நாய் முசாங்கைத் தேடல, என்னைத் தேடி வந்துருச்சு. அமெரிக்காலயும் இப்படி ஆகும்."

"நீங்கதான் எங்ககூடக் கோழிக்கூண்டுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தீங்களே, மாஸ்டர்?" என்றார் சீனி.

"அப்படினா தோலு! தோலு ஐஸ்பெட்டிலதானே இருக்கு? அதைப் பாத்துத்தான் குரைக்குது. இன்னும் பழகல, நான்தான் அப்பவே சொன்னேனே!"

புஷ்பலதா நாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐஸ்பெட்டி கீழ இருக்கு அண்ணே. நாய் மேல பாக்குது."

மாஸ்டர் மேலே பார்த்தாரா? பார்ப்பாரா அவர்? தப்பைத் திருத்தாமல் விட்டால் அதுவே பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டே, திமிறிய இரண்டு நாய்களையும் வெளியே இழுத்துப்போய், அமெரிக்காக்காரனிடம் கற்ற முடிச்சைப் போட்டு கேட்டில் கட்டினார். கட்டிவிட்டு வந்து மோப்பத்தின் தன்மைகளைப் பற்றிக் கூட்டத்துக்கு விளக்கத் தொடங்கினார்.

மங்களம் விளக்கத்தைக் கேட்கவில்லை. ஒட்டடைக்குச்சியை எடுத்தார்.

"ரெண்டு வாரமா சீலிங்ல தடதடனு சத்தம். எலின்னாரு. பாண்டான் இலை வாசம் அடிக்குது, நான் வாங்கவே இல்லயேன்னேன். நீ வெச்ச சூப்போட வாசமா இருக்கும்னாரு. நான் பாக்குறேன், தள்ளுங்க."

ஒரே இடிதான். சீலிங் பலகை விலகியது. முதலில் இறகு விழுந்தது. புஷ்பலதாவின் சிவப்புப் பெட்டையினுடையது. பிறகு நன்றாகக் கொழுத்த முசாங் ஒன்று கூட்டத்தைத் தூக்கக் கலக்கத்தோடு பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு மேலிருந்த இடைவெளியில் நுழைந்து, தகரக் கூரையில் ஓடி, பலாமரத்துக்குத் தாவி, செம்பனைக்குள் போய்விட்டது. கேட்டில் ராஜாவும் ராணியும் கயிறு அறுந்துவிடும்போல் துள்ளின. அறுந்திருந்தால் பிடித்திருக்கும். முடிச்சு அவ்வளவு நல்ல முடிச்சு.

மாஸ்டர் விசிலைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பாத்தீங்களா? எப்படிப் பழக்கியிருக்கேன்!"

இதற்குப் புஷ்பலதா சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. நேராகக் கேட்டுக்குப் போய், முடிச்சை அவிழ்க்கப் பார்த்து முடியாமல், மங்களம் நீட்டிய கத்தியால் கயிற்றை அறுத்தார்.

"ஆமாண்ணே. நல்லாவே பழகிருச்சு. அதான் கூட்டிட்டுப் போறேன்."

தனேஸ்வரன் கேட் வரைக்கும் பின்னாலேயே போனார். தோற்றிருந்தால்கூட இன்னும் ஒரு மாதம் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். ஜெயித்த நாயை எப்படிக் கேட்பது? ராணி போகிற போக்கில் திரும்பி வந்து அவர் கையை ஒருமுறை நக்கியது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, வேகம் மட்டும் இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். கேட்க ஆளில்லை. சீனி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு புஷ்பலதாவின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

"அக்கா, என் குட்டிங்களை உங்க நாய்ங்ககிட்டயே கொஞ்ச நாள் விட்டுட்டுப் போகவா? அதுங்க போறப்ப இதுங்களும் பின்னால போவட்டும். தானா கத்துக்கும் லா."

பாவம் மாஸ்டர் என்று நினைக்கிறீர்கள். நினையுங்கள், தப்பில்லை. நமக்கும் இந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம், நாம் வளர்ப்பது மீன்தொட்டி மட்டும்தானே என்றும் நினைப்பீர்கள். நல்லது. அடுத்தமுறை ஈப்போ நெடுஞ்சாலையில், லைசென்ஸ் எடுத்து எத்தனையோ வருஷமான உங்கள் மகள் காரோட்ட, நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "லாரி வருது, லாரி வருது" என்று சொல்லிக்கொண்டு வருவீர்கள். அப்போது கொஞ்சம் குனிந்து உங்கள் வலது காலைப் பாருங்கள். பிரேக்கே இல்லாத இடத்தில் அது எதை அப்படி அழுத்தி மிதித்துக்கொண்டிருக்கிறது?