எலி மூளை தெளிவாகத் தெரிந்த விவரம்

இருங்காட்டுக்கோட்டை,
18.10.2005

மரியாதைக்குரிய பிச்சையா மாமாவுக்கு, மருமகன் உச்சிமாகாளி பணிவுடன் எழுதுவது. நானும் அறை நண்பர்களும் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

"வேல பெர்மனென்ட் ஆவட்டும்லே, பெறவு எம்மவ பூமாரி பேச்ச எடு" என்றீர்கள். ஆகிவிட்டது மாமா! கார் கம்பெனியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த என்னை ஓர் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார்கள் அல்லவா? அங்கே எலியின் மூளையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, லேசரால் சுடுவார்கள். சுட்ட இடத்திலிருந்து கிளம்பும் கொழுப்பையும் புரதத்தையும் இயந்திரம் எடைபோட்டு, எது எங்கே இருந்தது என்று புள்ளி புள்ளியாகப் படம் போடும். புள்ளி பெரிதாக இருந்ததால் மூளை உப்புமா மாதிரி தெரிந்தது. படம் தெளிவாக வந்தால் உனக்கு நிரந்தர வேலை என்றார் முதலாளி தணிகாசலம். சுடுவதற்கு முன் ஒரு மருந்துக் கரைசலைத் தெளிக்க வேண்டும், அது என் பொறுப்பு. பழக்கதோஷத்தில் கார் கதவுக்கு அடிப்பதுபோல் பளபளவென்று அடித்துவிட்டேன், இடது மூளையிலிருந்த கொழுப்பு கரைந்து வலது மூளைக்குக் குடிபோய்விட்டது. சரி என்று தள்ளி நின்று அடித்தேன், கரைசல் காற்றிலேயே காய்ந்து முதலாளியின் மீசையில் படிந்தது. "யோவ், எலிக்கு அடின்னா எனக்கு அடிக்கிறே?" என்று கத்தினார். பிறகு பனிப்புகைபோல் மெல்ல அடித்து, காயவிட்டு, மறுபடி அடித்து, லேசர் புள்ளியையும் சிறிதாக்கிச் சுட்டோம். நேற்று மூளை அடுக்கு அடுக்காகத் தெரிந்தது மாமா, முதலாளி கண்கலங்கிவிட்டார். திங்கட்கிழமை ஆர்டர் கையில் கிடைக்கும். தை மாதத்தில் நல்ல நாளாகப் பாருங்கள்.

அத்தையையும் பக்கத்து வீட்டாரையும் கறுப்பு ஆட்டையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வருங்கால மாப்பிள்ளை (துணிந்து எழுதிவிட்டேன்),
உச்சிமாகாளி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முதலாளி கூப்பிட்டார். மூளையின் நடுவே வட்டமாகத் தெரிவது என்ன என்று, எலிகளை அனுப்பிப் படம் எடுக்கச் சொன்ன வாடிக்கையாளர் கேட்கிறாராம். அது சந்தனம். பொட்டு வைக்காமல் எந்தத் தகட்டையும் இயந்திரத்துக்குள் ஏற்றுவதில்லை, எங்கள் ஆய்வக வழக்கம். ஊசி முனையளவுதான் வைப்போம். இப்போது பழைய எலிகளுக்கும் சேர்த்து விளக்கம் கேட்கிறார். "மூணு வர்சமா வெச்சிக்கினுதான்யா கீறோம், ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல. உன்ன யாருயா இவ்ளோ தெளிவா எடுக்கச் சொன்னது?" என்று முதலாளி கணக்கை முடித்துவிட்டார். நாளை கார் கம்பெனியில் போய்க் கேட்க வேண்டும். தை மாதம் வேண்டாம். பூமாரியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேலை போனதை நீங்களே சொல்லிவிடுங்கள். படம் நிஜமாகவே தெளிவாக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் மாமா.