அப்பன்மீனைக் கைது செய்த மாலை

தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கும் ஒருத்தியோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது லேசான காரியம் இல்லை. என் கணவர் ஏழுமலையைக் கேட்டால் சொல்வார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், லைனில் வந்து விழும் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து ‘ஓகே’, ‘ரிஜக்ட்’ என்று பிரிப்பது என் வேலை. ஷிப்ட் முடிந்தால் யூனிபாரத்தைக் கழற்றிவிடலாம், அந்தக் கண்ணைக் கழற்ற முடியாது. தோசையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் கை தானாக அதை ஒதுக்கி வைக்கும். (ஒதுக்கி வைத்ததைத் தின்பதும் நான்தான்.)

கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூரில் வீடு பிடித்த புதிதில் எங்கள் இருவருக்கும் வெவ்வேறு ஷிப்ட். நான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் தன் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பார். வெறும் வீட்டுக்குள் நான் தனியாக நுழைவதைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, ஒருநாள் கண்ணாடித் தொட்டியும் இரண்டு மீன்களும் வாங்கிவந்து வைத்தார்.

சிக்லிட் வகை மீன்கள். விரல் நீளம்தான் இருக்கும். சாம்பல் நிற உடம்பில் கறுப்புக் கறுப்பாகப் பட்டை, ஜெயில் கைதியின் சட்டை மாதிரி. பெரியது ஆண், சின்னது பெண். அவற்றுக்குத் தீனி வாங்க நான் அந்தக் கடைக்குப் போனேன். “இது ஜோடி சேந்துட்டா குடும்பம் நடத்தும் மேடம். குட்டிங்கள கூடவே இருந்து வளக்கும்” என்றார் கடைக்காரர். மீனாவது குடும்பம் நடத்துவதாவது என்று சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனசில் ஒட்டிக்கொண்டது. எப்படியாவது அவற்றுக்குக் குடும்பம் அமைத்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சின்ன மண்சட்டி ஒன்றைப் படுக்கவைத்து அறை அமைத்தேன். தெர்மாமீட்டர் கட்டினேன். தண்ணீரைப் பக்குவமாக மாற்றினேன். பின்பக்கக் குழாயடியில் மண்புழு தோண்டி, குமட்டலை அடக்கிக்கொண்டு நறுக்கிப் போட்டேன். இவ்வளவும் செய்துவிட்டு, தொட்டியின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முறைத்துப் பார்த்தேன்.

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. “மலரு, கொஞ்சம் தள்ளி உக்காரு. நமக்குக் கல்யாணம் ஆன புதுசுல எங்க அம்மா இப்டித்தான் எட்டி எட்டிப் பாத்துக்கினு இருந்துச்சு. உனக்கு எப்படி இருந்துச்சு?”

நியாயமாகத்தான் பட்டது. தொட்டியை ஒரு துப்பட்டாவால் மூடினேன். (ஓரத்தில் ஒரு கண் அளவுக்கு இடைவெளி விட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.)

துப்பட்டா வேலை செய்தது. பெண் மீனின் வயிறு மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல மினுங்கத் தொடங்கியது. ஒருநாள் சட்டிக்குள் முட்டைகள் இருந்தன. மறுநாள் ஒன்றுகூட இல்லை. கடைக்காரரிடம் ஓடினேன். “மொதல் தடவ பயந்துக்கினு அதுங்களே தின்னுடும் மேடம். அனேகமா ஆம்பளதான் தின்னுருக்கும்” என்றார். அனேகமா என்ற சொல் என் காதில் விழவே இல்லை. எங்கள் தொழிற்சாலையில் சந்தேகமான பாகத்துக்கு ‘ஹோல்டு’ என்று சீட்டு ஒட்டித் தனியே வைப்போம். அன்றிலிருந்து அந்த ஆண் மீனின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத ஹோல்டு சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

இரண்டாம் முறை முட்டையிட்டபோது நான் பார்த்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. சட்டியின் உள்கூரையில் வரிசை வரிசையாக முட்டைகள். அம்மாக்காரி அவற்றின் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தாள். நான் வேலைக்குப் போகும்போதும் விசிறினாள், திரும்பி வந்தபோதும் விசிறினாள். வெளுத்துக் கெட்டுப்போன முட்டையை மட்டும் பொறுக்கி எடுத்தாள், பக்கத்து முட்டையில் வாய் படவில்லை. நான் படித்து, பயிற்சி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யும் வேலை அது.

பிறகு முட்டைகள் துடிக்கும் நூல்துண்டுகளாயின. அப்புறம் ஒரு காலையில் சட்டியிலிருந்து ஒரு புகை கிளம்பி வந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் கண் முளைத்த குஞ்சுகள். அம்மா உடம்பை ஒரு வெட்டு வெட்டினாள், அந்தப் புகை முழுவதும் அப்படியே தரையில் படிந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் வாயைப் பிளந்து நின்றதில் அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டேன்.

தொழிற்சாலையில் இந்தக் கதையை நான் யாரிடமும் சொல்லாமல் விடவில்லை. எங்கள் மேனேஜரும் ஆர்வமாகக் கேட்டார். அடுத்த விடுமுறையன்று மனைவியோடு ராமானுஜர் கோயிலுக்கு வந்தவர், சாயங்காலம் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் திருமண். இறுதிச் சோதனைப் பிரிவுக்கு யாரைப் பொறுப்பாகப் போடலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கும் அதில் ஒரு கண் இருந்தது.

துப்பட்டாவை விலக்கி விளக்கம் சொல்லத் தொடங்கினேன். நானே முட்டையிட்டதுபோல அவ்வளவு பெருமை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஜன்னல் வழியே சாயங்கால வெளிச்சம் மட்டும் மங்கலாக வந்தது. மேனேஜரின் மனைவி செல்போன் டார்ச்சை அடித்தார்.

அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். ஆண் மீன் தொட்டியின் மூலையில் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“ஐயோ, பிள்ளைகளத் திங்குது!” என்று நான் போட்ட கூச்சலில் என் திருநெல்வேலி முழுதாக வெளியே வந்துவிட்டது. “ஏங்க, வலைய எடுங்க. பாத்துக்கிட்டே நிக்கியளே!”

“கொஞ்சம் இரு மலரு, இன்னா பண்ணுதுன்னு பாப்போம்” என்றார் ஏழுமலை.

நான் இருக்கவில்லை. வலையைப் பிடுங்கித் தோள்வரை கையை விட்டேன். அது சட்டிக்குப் பின்னால் ஓடியது, நான் சட்டியை உருட்டினேன். இந்தப் பக்கம் வந்தது, நான் வீசிய வீச்சில் கால்வாசித் தண்ணீர் எழும்பிப் போய் மேனேஜரின் வேட்டியில் இறங்கியது. மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி ஈரத்திலேயே உட்கார்ந்தார். கடைசியில் குற்றவாளி வலையில் சிக்கியது. விருந்தாளிகளுக்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த கண்ணாடி ஜக்கில் அதைப் போட்டேன். மூச்சு வாங்க நிமிர்ந்து, “பிடிச்சாச்சு சார்” என்றேன்.

நான்கு பேரும் ஜக்கைச் சுற்றிக் குனிந்தோம். பயத்தில் மீனின் பட்டைகள் வெளிறிப்போயிருந்தன. உடம்பைத் திருப்பக்கூட இடமில்லை. மெதுவாக வாயைத் திறந்தது. ஒரு குஞ்சு வெளியே வந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் ஒரு கொத்தாக ஐந்தாறு. எல்லாம் உயிரோடு, டார்ச் வெளிச்சத்தில் பொடிப்பொடியாக நீந்தின.

அதற்குப் பிறகு அந்த மீன் செய்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. தான் எங்கே இருக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. சற்று முன்புதான் பெரிய கை ஒன்று வானத்திலிருந்து இறங்கி அதைத் தூக்கிப் போட்டிருக்கிறது. அந்த ஜக்குக்குள் வளைந்து நெளிந்து, சிதறிய குஞ்சுகளை மறுபடி ஒவ்வொன்றாக வாய்க்குள் எடுத்துக்கொண்டது. ஒன்றையும் விடவில்லை. எடுத்து முடித்து, வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்றது.

“அது தின்னல மலரு” என்றார் ஏழுமலை, மிகவும் தணிந்த குரலில். “இருட்டிடுச்சு இல்ல, புள்ளைங்கள வூட்டுக்குத் தூக்கிக்கினு போவுது. அவ்ளோதான்.”

மேனேஜரின் மனைவி டார்ச்சைக் கணவர் பக்கம் திருப்பினார். “நம்ம ரெண்டு பசங்களையும் ஒருநாளாவது ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்திருப்பீங்களா?”

ஈர வேட்டிக்காரர் என்னைப் பார்த்து, “என்ன மலர், சரியா செக் பண்ணாமலே ரிஜக்ட் போட்டுட்டீங்களா?” என்றார்.

தொட்டியில் அம்மாக்காரி தனியாளாக, உருண்டு கிடந்த சட்டிக்கும் சிதறிய குஞ்சுகளுக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தாள். ஜக்கைச் சாய்த்து ஆணை உள்ளே விட்டேன். பிரித்துச் சேர்த்தால் ஜோடி ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பயந்தபடியே அவள் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தாள். அவன் சண்டைக்கு நிற்கவில்லை, விலகி ஓடவும் இல்லை. நேராகச் சட்டிக்குப் போய், வாயில் இருந்ததை மெல்ல உள்ளே ஊதிவிட்டான். அவள் அப்படியே நின்றாள். ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாக மற்ற குஞ்சுகளைப் பொறுக்கக் கிளம்பினார்கள். கரண்ட் வரும்வரை நாங்கள் நால்வரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காபி போட வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

இறுதிச் சோதனைப் பிரிவு அந்த வருடம் வேறொருவருக்குப் போனது. ஆனால் எங்கள் லைனுக்கு ஒரு வாசகம் கிடைத்தது. ஒரு பாகத்தை அவசரப்பட்டு ஒதுக்கப் போனால், “வாய்க்குள்ள என்ன இருக்குன்னு பாத்தாச்சா?” என்று யாராவது கேட்பார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதை ஏதோ டெக்னிக்கல் சொல் என்று நினைத்து மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

வீட்டில்தான் தப்பிக்க வழியில்லை. எங்கள் மகள் இப்போது யுகேஜி படிக்கிறாள். டிவி பார்த்தபடியே சோபாவில் தூங்கிவிடுவாள், அவள் அப்பா அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு நடப்பார். பாதி வழியில் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைத் தேடுவாள்.

“அம்மா, வலைய எடுக்காத. அப்பா என்னத் தின்னல, தூக்கிக்கினுதான் போறாரு.”