பைக் குடித்தது, பெயர் எனக்கு

பண்டாரவளை,
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகன் முன்ஸிபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் உதவியால் நான் சுகம். உன் தங்கை றிப்காவின் பிள்ளையைப் பார்க்க மாத்தளைக்குப் போன உம்மா மூன்று மாதமாக அங்கேயே சுகம். கட்டாருக்குப் போகும்போது நீ என் பொறுப்பில் விட்டுப்போன பைக்தான் சுகமில்லை. வட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலோடு முடித்துவிடுவாய், அதனால் கடிதம்.

கோபிக்காதே. குளிருக்கு அது ஸ்டார்ட் ஆக மறுத்தது. தம்பிபோலப் பழகும் பக்கத்துக் கடை ஸாஹிர், "நானா, ரேஸ் வண்டிக்கெல்லாம் ஸ்பிரிட்தான் ஊத்துற. நீங்களும் ஊத்திப் பாருங்க" என்றான். அவன் ஓட்டுவது சைக்கிள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. பெயின்ட் கடையில் சாராயம்போல மணக்கும் அந்த ஸ்பிரிட் ஒரு போத்தல் வாங்கி, தெரிந்தவர் கண்ணில் படாமல் உடுத்திருந்த சாரத்துக்குள் ஒளித்து வந்து, பெற்றோலோடு முழுவதையும் ஊற்றினேன். ஒரே உதையில் பிடித்தது! தெருமுனை வரை போய்த் திரும்பினேன்; அதற்கப்பால் எனக்கு என்ன வேலை? பிறகு வாசலில் பனியில் நின்றதுதான். போன வாரம் பார்த்தால் ரப்பர் குழாய் உப்பி வெடித்து ஒழுகுகிறது. துடைத்த சாரத்தை மாற்ற மறந்து அஸருக்குப் பள்ளிக்குப் போய்விட்டேன். தொழுகை முடிந்ததும் அதே ஸாஹிர், "என்ன நானா, மதினி ஊர்ல இல்லாத நேரம் பார்த்து..." என்று எல்லாருக்கும் கேட்கும்படி மூக்கைப் பொத்தினான். "நானில்லடா, பைக்தான் குடிச்ச!" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. மஃரிபுக்கு முன் செய்தி மாத்தளைக்குப் போய், உம்மா ஃபோனில் அழுதாள்.

மெக்கானிக் றில்வான் கழற்றிப் பார்த்தான். "ஸ்பிரிட் பனித் தண்ணிய இழுத்து டாங்க் அடியில படிஞ்சீக்கி மாமா. துரு கிளம்பி காபரேட்டர அடைச்சீக்கி. வாஷரெல்லாம் ஊதிப் பெருத்தீக்கி. ஓடுற வண்டியெண்டா இவ்வளவு வாராது. நிண்ட வண்டிக்குத்தான் இந்த வருத்தம்" என்றான். அதைச் சொல்லும்போது ஏன் என்னைப் பார்த்தானோ தெரியவில்லை.

ஆகையால் மகன், குழாயும் வாஷரும் இங்கே எங்கும் கிடைக்காது. நீயே லீவு போட்டுக் கொண்டுவந்து மாட்டினால்தான் வண்டி பிழைக்கும்.

தொழுகையை விடாதே, வெயிலில் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்காகக் கையேந்தும் வாப்பா,
ஷுக்ரி

பி.கு.: குழாய் நம் சந்திக் கடையிலேயே கிடைத்தது. றில்வான் போன செவ்வாயன்றே எல்லாம் மாற்றிவிட்டான். சுபஹுத் தொழுகைக்கு நீ எழும்புவதுபோல, ஒரே உதையில் எழும்புகிறது. டாங்க் நிறைய நல்ல பெற்றோல் அடித்து வைத்திருக்கிறேன். நிறுத்தி வைத்தால் மறுபடி வருத்தம் வருமாம். எனக்குத் தெருமுனை வரைதான் வேலை. மிச்சத்தை நீ வந்து ஓடித் தீர்.