வெக்கை வாத்தியாரும் பத்தமடைப் பாயும்

கக்கத்தில் பாயும் கையில் துணிப்பையுமாகக் கல்லூரி வாசலைத் தாண்டி பாளையங்கோட்டை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் உட்காரும் அறைகளை இடித்துவிட்டார்கள். உட்காருவதுதான் என் வேலை. அதனால் கிளம்பிவிட்டேன்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். சூரியனைச் சொந்தப் பங்காளியாக நினைத்து, அதோடு தினமும் வழக்காடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஒரு கட்டடத்துக்குள் வெயில் எப்படி வருகிறது, காற்று எப்படிப் போகிறது என்பதுதான் பாடம், அதுவேதான் ஆராய்ச்சி. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். முதல்வரிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லாருக்கும் அவர் வெக்கை வாத்தியார்.

முதலில் பார்த்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு புரோட்டாக் கடையில். நான் புரோட்டாக் கல் முன்னால் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட வந்தவர் இலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

“எவ்வளவு நேரம் வே இங்கன நிப்பீரு?”

“காலைலருந்து ராத்திரி வரைக்கும் சார்.”

“வெக்கையா இல்லியா?”

“பழகிட்டு சார்.”

குட்டி நோட்டை எடுத்து ‘பழகிட்டு’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். “இந்த ஒத்தச் சொல்லுதான் வே நம்ம ஊர்க் கட்டடத்தையெல்லாம் கெடுத்துச்சு” என்றார். அதற்குள் அவருடைய சால்னா ஆறிவிட்டது.

அடுத்த வாரம் நான் கடை முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்தபோது, அவருடைய கல்லூரியை விசாரித்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன்.

கல்லூரிக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டில் அளவில் நாலு அறை கட்டி வைத்திருந்தார். சுவரெல்லாம் ஒன்றுபோல. கூரை மட்டும் வேறு. ஒன்று காங்கிரீட், ஒன்று தகரம், ஒன்று ஓடு. நாலாவதில் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மதியம் நான் ஒவ்வொரு அறையிலும் அரைமணி நேரம் உட்கார்ந்து, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் குளிர், நாலு என்றால் சுகம், ஏழு என்றால் தாங்க முடியாது. முன்பு மாணவர்களை உட்காரவைத்தாராம். அவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் போனைப் பார்த்தபடியே எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

ஏழாம் வகுப்போடு நின்றவனுக்குக் கல்லூரியில் நாலு நாற்காலி. நான் காங்கிரீட்டில் உட்கார்ந்து நாலு என்றேன். தகரத்தில் உட்கார்ந்து நாலு என்றேன்.

“தகரத்துக்குள்ள நாலா?”

“நல்லாத்தான் சார் இருக்கு.”

“சட்டையப் பிழிஞ்சா ஒரு செம்புத் தண்ணி வரும். நாலாம்லா.”

சாத்தான்குளத்துப் பனங்காட்டில் பிறந்தவன் நான். ஒருத்தர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த இடத்தைக் குறை சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சோற்றில் கல் கிடந்தாலும் விழுங்கிவிட்டு நல்லா இருக்கு என்போம். மாதக்கணக்கில் நாலுதான் சொன்னேன். “உம்ம நரகத்துல உக்கார வச்சாலும் நாலுதான் வே. ஒரு நாளாவது மெய்யச் சொல்லும்” என்று கெஞ்சினார். கடைசியில் என் வாயை நம்பாமல், என் பனியனை உட்காரும் முன்னும் எழுந்த பின்னும் தராசில் வைத்து வியர்வையை எடை பார்க்க ஆரம்பித்தார். அது பொய் சொல்லவில்லை.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாகப் போவார். ஆபீஸ் அம்மா ஒருத்தி எழுந்து நின்று கும்பிட்டு, திருநீறுக்குக் கை நீட்டியதை நானே பார்த்தேன். கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு ஆசிரியர் வீட்டில் பத்தியோடு நுழைந்தபோது, வீட்டுக்காரர் பதறி, “சார், நாங்க ஜெபம் மட்டுந்தான் பண்ணுவோம்” என்று வழிமறித்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்திக்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய்த் தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மாப்பிள்ளை முகத்தை அவர் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மாணவன் ஒருவன் மேற்கே பூராவும் கண்ணாடிச் சுவர் வைத்து வீடு வரைந்து வந்தான். “நல்லாருக்குலே. வா, குடியிருந்து பாப்போம்” என்று, மேற்கு ஜன்னலோரம் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை அவனை உட்காரவைத்தார். அடுத்த நாள் வரைபடத்தில் மேற்குப் பக்கம் ஜன்னலே இல்லை.

இன்னொருவனிடம், “ஏலே, காத்து தெற்கமேற்கருந்து வருது. நீ கக்கூச அங்கன வச்சிருக்கே. காத்து மொதல்ல எங்க போவும், பொறவு எங்க வரும்?” என்றார். அவன் யோசித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான். அவனுக்கு அன்று முழு மதிப்பெண்.

என்னிடம் ஒரு பத்தமடைப் பாய் உண்டு. போகிற ஊருக்கெல்லாம் கொண்டுபோவேன். ஒருநாள் பானைக் கூரை அறையில் அதை விரித்துப் படுத்திருந்தபோது பிடித்துவிட்டார். “பாய் போட்டீருன்னா அது பாயோட குளுமை வே. என் கூரையோட குளுமைன்னு எப்படிச் சொல்லுவேன்?” அன்றிலிருந்து பாய் வேப்பமரத்துக் கிளையில்தான் தொங்கியது.

புதிதாக மாணவர் விடுதி கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. பழைய விடுதியில் மேல்மாடிப் பையன்கள் தரையில் தண்ணீரை ஊற்றி ஈரத்தில் படுப்பதை வாத்தியார் பார்த்திருக்கிறார். புது விடுதிக்குப் பானைக் கூரை வேண்டும் என்று தாளாளரிடம் மனு மேல் மனு கொடுத்தார். தாளாளர் அரிசி ஆலை வைத்திருந்து கல்லூரிக்கு வந்தவர். கடைசியில் சொன்னார்: “நானே உக்காந்து பாக்கேன் சார். நல்லா இருந்தா உம்ம கூரை. இல்லன்னா அந்த நாலு கொட்டிலையும் எடுத்துட்டு கார் ஷெட்டு போட்டுருவோம்.”

அன்று வாத்தியார் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு மணிக்கு தாளாளர் காங்கிரீட் அறைக்குள் போனார். பத்தே நிமிடத்தில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “ஏழு” என்றார். வாத்தியார் முகத்தில் விளக்கெரிந்தது.

அடுத்தது பானைக் கூரை. அவ்வளவு பெரிய மனிதர் கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவதா? எனக்கு மனம் கேட்கவில்லை. ஓடிப்போய் மரத்திலிருந்து பாயை எடுத்து வந்து விரித்தேன். வாசலில் நின்ற வாத்தியார் இரண்டு கையையும் படபடவென்று ஆட்டினார். சுருக்கமில்லாமல் விரிக்கச் சொல்கிறார் என்று நினைத்து, நன்றாக நீவிவிட்டேன்.

தாளாளர் உட்கார்ந்தார், சாய்ந்தார், குறட்டை விட்டார்.

“பைய இழும் வே” என்றார் வாத்தியார், காதோடு காதாக. கால்மாட்டிலிருந்து ஆளுக்கொரு முனையாக இழுத்தோம். தாளாளர் புரண்டு பாயை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தார். “என்ன குளுமை. இப்படித் தூங்கி வருசமாச்சு. பாய் பத்தமடையா வே?”

“ஐயா, அது கூரை…” என்றார் வாத்தியார்.

“கூரை கிடக்கட்டும் சார். விடுதில பையனுக்கு ஒரு பாய்னு வாங்கிப் போட்டுருவோம். மேல எப்பவும்போல காங்கிரீட்டே இருக்கட்டும்.”

ஒரே வாரத்தில் மண்வாரி எந்திரம் வந்தது. நான் விடைபெறப் போனபோது வாத்தியார் இடிபாட்டில் குந்தி உட்கார்ந்து, உடையாத பானைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“தப்பு எம்மேலதான் சார். பாய விரிச்சிருக்கக் கூடாது.”

“தூங்குனாருல்லா வே. தூங்க வச்சது எதுன்னு எனக்குத் தெரியும். அது போதும்.”

“அந்த அறை மட்டும் மெய்யாவே நாலு சார். தகரம் ஏழு. காங்கிரீட்டும் ஏழுதான்.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் குட்டி நோட்டை எடுத்து, இடிந்துபோன அறைகளுக்கு நான் சொன்ன எண்களை நிதானமாக எழுதினார். தேதி போட்டார். என்னைத் திட்ட அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு டீக்கடையில் ஆள் கேட்டார்கள். போய் நின்றேன். மேலே தகரம். பத்து மணிக்கே அடுப்பும் தகரமும் சேர்ந்து வாட்டின.

“கடை எப்படி வே இருக்கு?” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

வாய் பழக்கத்தில் நல்லா இருக்கு என்று தொடங்கி, நின்றுவிட்டது.

“ஏழு அண்ணாச்சி. தகரம் கொதிக்கு. சுண்ணாம்பு வாங்கித் தாங்க, மேல ஏறி அடிக்கேன். தெற்கமேற்க ஒரு தட்டியையும் தூக்கி விடுவோம், காத்து வரும்.”

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இதெல்லாம் எங்கன வே படிச்சீரு?”

“கட்டடக்கலைக் கல்லூரில” என்றேன். “எங்க வாத்தியார் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாரு.”