லேமினேட் செய்த மானம்

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று வங்கி அதிகாரி பேனாவை நீட்டினார்.

டெய்லரக்கா வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் பட்டென்று வைத்தாள். அதிகாரிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி பலமாக இருமினார்.

"முதல்ல இதைப் பாருங்க சார். என்னைப் பத்தி நாளைக்கு வேற யாராவது வந்து சொல்ல வேணாம். நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்."

கடை நொடித்தபோது கடன் கொடுத்தவர்களோடு சமரச ஒப்பந்தம் போட்டு, அறுபது தவணையில் அடைத்து முடித்ததற்கான சான்று அது. வந்த அன்றே லேமினேட் செய்து தையல் மிஷினுக்கு மேலே மாட்டிவிட்டாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கியபடி அதை ஒருமுறை படித்தாக வேண்டும்.

அதிகாரி பேனாவை மூடினார். "அசல் வேணும்மா."

"இதுதான் அசல்."

"இது பிளாஸ்டிக். முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாது."

காவலாளி மறுபடி இருமினார். "மருந்து சாப்பிடுங்கண்ணே" என்றாள் அவள் அக்கறையாக.

வாடகைக்கு இருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அதன் முன்னறைதான் அவள் கடை. இங்கே கணக்குத் தொடங்கினால்தான் வீட்டுக் கடன். விடுவாளா? வீட்டுக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். பிளாஸ்டிக் அழகாக உரிந்து வந்தது, எழுத்தையும் முத்திரையையும் கூடவே அழைத்துக்கொண்டு.

"பட்டுப்புடவையைக் கூட நீ இப்படிக் கருக்கினதில்லையே" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

மறுநாள் சான்று கொடுத்த சமரச அலுவலகம் போய் நகல் கேட்டாள்.

"கட்டணத்தை பேங்க் கணக்குல இருந்துதான் கட்டணும்" என்றார் எழுத்தர்.

"கணக்குத் தொடங்கத்தானே நகலே கேக்கறேன்?"

"அப்ப கணக்கு இருக்கிறவங்க யாராவது கட்டட்டும்."

கணவர் கட்டினார். மூன்றாம் நாள் நகல் வந்தது, பணம் கட்டியவர் பெயரில். அதைத் திருத்தித் தரும்படி கேட்க அலுவலகம் போயிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம். அவள் நேரே வங்கிக்குப் போய் நியாயம் கேட்டாள்.

"ஓஹோ, உங்க வீட்டுக்காரரும் இதே கேஸா?" என்ற அதிகாரி, அதே கிளையில் இருந்த கணவரின் கணக்கையும் விசாரணைக்காக நிறுத்தி வைத்தார்.

சிறிது நேரத்தில் போன் அலறியது. "சம்பளத்தை எடுக்க முடியலடி! என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணுமில்லைங்க. நீங்களும் கடனையெல்லாம் அடைச்சு முடிச்சிட்டீங்களாம்."

போனை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலை குனியவில்லை.

"சார், காய்ச்சலோட மிஷின் மிதிச்சு அறுபது தவணை கட்டியிருக்கேன். ஒண்ணு கூடத் தப்பல. ஓடி ஒளியாம அடைச்சவளை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறீங்க. எனக்கு வெட்கமே இல்ல. உங்களுக்குத்தான் இருக்கணும்!"

வரிசையில் நின்ற இருவர் கைதட்டினார்கள்.

"தலைமை அலுவலகத்துக்கு எழுதறேன்மா. மூணு மாசம் ஆகும்" என்றார் அதிகாரி.

அவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டு, கூடவே படியிறங்கினார்.

"அக்கா, எதிர்ல ஒரு பேங்க் இருக்கு, போய்ப் பாருங்க. அந்தக் கடிதப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க."

"ஏன் எடுக்கக் கூடாது? எனக்கென்ன வெட்கம்?"

"வெட்கத்துக்குச் சொல்லலக்கா. அன்னிக்கு சார் உங்ககிட்ட பேனாவை நீட்டினப்பவே, கம்ப்யூட்டர்ல உங்க பேருக்கு நேரா 'பாக்கி ஏதும் இல்லை, வீட்டுக் கடன் தரலாம்'னு பச்சையா வந்திருந்துச்சு."